சர்க்யூட்டைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக ஏலமலைக்கு ஏறும் ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல். அவற்றுக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, இக்னிஷன் காயிலும் கிடையாது. அப்படியிருக்க, இக்னிஷன் வேலை கற்றுக்கொண்டால் போடியில் பிழைப்பு ஓடுமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆக நினைக்கும் பையன்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஓடும். பழைய பெட்ரோல் ஜீப், அம்பாசிடர், பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி என்று வைத்திருப்பவர்கள் அவற்றை எளிதில் விட்டுவிடுவதில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், தண்ணீர் இறைக்கும் சிறு பெட்ரோல் எஞ்சின் எல்லாம் பொறியால்தான் ஓடுகின்றன. இவற்றையெல்லாம் கையில் மீட்டரோடு அணுகத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். மீட்டர் இல்லாமல் ஊகத்தில் பாகம் மாற்றுபவரிடம் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட தலைவலியை. பழைய வண்டிக்குச் சொந்தமாகக் கட்டிப் பொருத்திய எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் படுத்துவிடுகிறது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. பத்மினி அதற்கும் வெகுமுன்பே போய்விட்டது. நல்ல சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட் கிடைப்பது அரிதாகிவிட்டதால், பாயிண்டின் சுமையைக் குறைக்க ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டைக் கட்டிப் போடுவோம் என்று பலரும் இறங்குகிறார்கள். பாலிடெக்னிக், என்ஜினியரிங் மாணவர்களுக்கும் இது பிடித்தமான புராஜெக்ட். கட்டுவது நல்ல காரியம், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆனால் கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது போர்டில். அங்கேதான் நேரம் வீணாகிறது.

போர்டைக் கழற்றி மேசைமேல் வைத்து அடாப்டரில் இணைத்தால் அருமையாகப் பொறி விடும். திரும்ப வண்டியில் மாட்டினால் பழைய கதை. காரணம் எளிது. மேசைமேல் கிடைப்பது அசையாத 12 வோல்ட். வண்டியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

12 வோல்ட் என்பது பெயர் மட்டுமே

முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். எஞ்சின் ஓடி, ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறும். செல்ஃப் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் நல்ல பேட்டரியிலேயே 10க்குப் பக்கத்தில் இறங்கும். 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். மார்கழிக் காலையில் மலைமேல் நின்ற வண்டியில், நாள்பட்ட பேட்டரி இருந்தால் 8 வோல்ட்டுக்கும் வரும். பொறி மிகத் தேவைப்படும் நேரமும் இதுதான், சப்ளை மிக மோசமாக இருக்கும் நேரமும் இதுதான்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலஸ்ட் (தொடர்த் தடை) இல்லாத பழைய 12 வோல்ட் காயிலின் பிரைமரி ஏறத்தாழ 3 ஓம். 12 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் 4 ஆம்பியர் ஓடும். இப்போது எங்கோ ஒரு லக்கில் களிம்பு ஏறி 1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 4 ஓம், ஓடுவது 3 ஆம்பியர். கரண்ட் கால்பங்குதான் குறைந்தது. ஆனால் காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. பதினாறில் ஒன்பது பங்குதான் மிஞ்சும். ஒரே ஒரு ஓம் பொறியின் பலத்தில் பாதியை நெருங்கத் தின்றுவிடுகிறது.

கையால் கட்டிய சர்க்யூட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பாயிண்ட் மூடினால் அதன் குறுக்கே வோல்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம். டார்லிங்டன் வகை பவர் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தாலும் ஒன்றரை வோல்ட் வரை தனக்கென எடுத்துக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட் இருந்தால் காயிலுக்குப் போவது ஏழரை. இரண்டரை ஆம்பியர்தான் ஓடும். பாயிண்ட் வைத்த காலத்தில் அந்த வயரிங் எப்படியோ சமாளித்தது. அதே வயரிங் டிரான்சிஸ்டர் வந்த பிறகு சமாளிக்காது. "முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு, இந்த சர்க்யூட் போட்டதுக்கு அப்புறம்தான்" என்று வண்டிக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் சர்க்யூட் அல்ல, முப்பது வருடப் பழைய வயரும் எர்த்தும்.

மீட்டரை மட்டும் நம்பினால்

காயிலின் பாசிட்டிவ் முனையில் மீட்டரை வைத்தால் 12.4 காட்டுகிறது. சப்ளை சரி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது தொழிலில் மிகப் பரவலான தவறான முடிவு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். அது இழுக்கும் கரண்ட் இருப்பதே தெரியாது. வயரின் செம்பு இழைகள் அறுந்து ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் மீட்டரில் 12.4 வந்துவிடும். ஓரளவு கரண்ட் இழுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதற்குத் தேவை ஒரு லோடு பல்பு. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு நீள வயர், இரண்டு முதலைக் கிளிப். அது ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். காயிலின் பாசிட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இதை மாட்டி, சாவியைப் போட்டு, பல்பு எரியும்போதே மீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் காட்டியதற்கும் இங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ கொள்ளை நடக்கிறது. பல்பு மங்கலாக எரிந்தால் மீட்டரே தேவையில்லை. பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் மட்டும் இந்தச் சோதனையைப் பாலஸ்டுக்கு முந்தைய முனையில் செய்யுங்கள். அதற்குப் பிந்தைய முனையில் வோல்டேஜ் குறைவது இயல்பு.

கொள்ளை எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டரை வேறு விதமாகப் பிடிக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் தூணிலேயே நிறுத்துங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத் தூணில். கறுப்பு முனையை வழிநெடுக நகர்த்துங்கள்: கிளாம்ப், ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இக்னிஷன் சுவிட்சுக்கு உள்ளே போகும் முனை, வெளியே வரும் முனை, கடைசியாகக் காயில். பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும். எந்த இடத்தில் எண் சட்டென்று தாவுகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. நல்ல இணைப்பு ஒன்றில் பத்தில் ஒரு வோல்ட்கூட இழக்கக் கூடாது. பழைய வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியும் இக்னிஷன் சுவிட்சின் உட்பக்கமும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

எர்த் பக்கத்துக்கும் இதே வழிதான், மீட்டர் முனைகளை மாற்றிக்கொண்டு. கறுப்பு பேட்டரி நெகட்டிவ் தூணில், சிவப்பு எஞ்சின் பிளாக்கில். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும். அடுத்து, சிவப்பை உங்கள் சர்க்யூட்டின் எர்த் முனையில் வைத்து மீண்டும் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்துவிட்டால் செல்ஃபின் முழுக் கரண்டும் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாக வழி தேடும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுடுகிறது என்று யாராவது சொன்னால் வேறெதையும் பார்க்காமல் நேரே எர்த் பட்டைக்குப் போங்கள்.

வயரின் கனமும் கணக்கில் வரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். மூன்று மீட்டரில் 4 ஆம்பியர் போனால் இழப்பு 0.15 வோல்ட்டுக்குள். கையில் கிடைத்த மெல்லிய அரை சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இழப்பு மூன்று மடங்கு. காயிலுக்கு 1.5க்குக் குறைந்த வயர் போடாதீர்கள். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் வண்டிக்கு ஆகாது, அதிர்வில் முறியும். பல இழை கொண்ட ஆட்டோ வயர் வாங்குங்கள்.

சாவி எந்த நிலையில் இருக்கும்போது நிற்கிறது?

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதிலிலேயே பாதி வேலை முடியும்.

செல்ஃப் அடிக்கும்போது பொறியே இல்லை, சாவியை விட்டதும் ஒரு முறை இருமிவிட்டு நிற்கிறது என்றால் சர்க்யூட்டுக்கு மின்சாரம் தவறான முனையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. இக்னிஷன் சுவிட்சில் ரேடியோவுக்கான முனை செல்ஃப் அடிக்கும்போது துண்டிக்கப்படும். சொந்தமாகக் கட்டுபவர்கள் டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டும் அந்த வயரில் சேர்த்துவிடுகிறார்கள். சாவி போட்ட நிலையிலும் செல்ஃப் நிலையிலும் தொடர்ந்து மின்சாரம் வரும் இக்னிஷன் முனையைத்தான் எடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது. அங்கே சந்தேகிக்க வேண்டியது பாலஸ்ட் ரெசிஸ்டர். சில வண்டிகளில் ஒன்றரை ஓம் காயிலோடு தொடரில் ஒரு பாலஸ்ட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டி முழு வோல்டேஜ் காயிலுக்குப் போகும், சாவியை விட்டதும் பாலஸ்ட் வழியே போகும். பாலஸ்ட் அறுந்திருந்தால் எஞ்சின் அணையத்தான் செய்யும். இந்த வகை வண்டியில் சர்க்யூட் பொருத்துபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, போர்டுக்கான சப்ளையைப் பாலஸ்டுக்குப் பிறகு எடுப்பது. காயிலில் கரண்ட் ஏறும்போதெல்லாம் அந்த முனையில் வோல்டேஜ் விழும், போர்டு தள்ளாடும். போர்டின் சப்ளை பாலஸ்டுக்கு முன்னால், காயிலின் சப்ளை பாலஸ்டுக்குப் பின்னால். இதைத் தாளில் வரைந்து பெயிண்ட் மார்க்கரால் வயரிலும் குறித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சீக்கிரம் உறுதி செய்ய ஒரு வழி: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயரை நேரே சர்க்யூட்டுக்குக் கொடுங்கள். நெகட்டிவுக்கு இன்னொரு ஜம்பர். வண்டி சுகமாக ஓடினால் போர்டைத் தொட வேண்டாம், வயரிங்கைச் சரிசெய்யுங்கள். அப்படி ஓடினால் நிரந்தரத் தீர்வும் கையில் வந்துவிட்டது: பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர், நடுவே ஒரு ரிலே, பழைய இக்னிஷன் வயர் அந்த ரிலேயை இயக்கும் வேலைக்கு மட்டும். பாலஸ்ட் உள்ள வண்டியில் ஜம்பரைக் காயிலுக்கு நேரே கொடுத்து வெகுநேரம் ஓட்டாதீர்கள், காயில் வெந்துவிடும்.

ஜம்பர் கொடுத்தும் படுத்தால் இனி போர்டு

இங்கேயும் முதலில் சப்ளை பகுதியைப் பாருங்கள். மைக்ரோகன்ட்ரோலர் வைத்த சர்க்யூட்டில் 7805 ரெகுலேட்டர் இருக்கும். அதற்கு 5 வோல்ட் தர உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். முன்னால் ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தால் அவற்றின் இழப்பையும் சேருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 8 வோல்ட்டுக்கு இறங்கும் வண்டியில் இது தொட்டும் தொடாமலும் நிற்கும், கன்ட்ரோலர் ரீசெட் ஆகும், பொறி விட்டு விட்டு வரும். டயோடுக்குப் பிறகு 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் கணநேர இறக்கங்களைத் தாண்டிவிடலாம். அல்லது குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டருக்கு மாறலாம். கப்பாசிட்டர் 16 வோல்ட் வகையாக இருந்தால் உடனே 35 வோல்ட்டாக மாற்றுங்கள். 14.4 வோல்ட் ஓடும் இடத்தில், சூடான பானெட்டுக்குள், 16 வோல்ட் கப்பாசிட்டர் நெடுநாள் நிற்காது.

மேலே ஏறும் வோல்டேஜ் இன்னும் ஆபத்து. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்து "டைனமோ சார்ஜ் பண்ணுது" என்று சொல்லும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென விலகினால் லைனில் ஒரு கணம் 80 வோல்ட்டுக்குமேல்கூட எழும். 7805 தாங்குவது 35 வரைதான். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். தளர்ந்த பேட்டரி கிளாம்ப் கொண்டை ஊசி வளைவில் குலுங்கும்போது செய்வதும் இதையேதான். 24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்வதும் இந்தப் பட்டியலில் சேரும். போர்டின் வாயிலில் தலைகீழ் இணைப்பைத் தடுக்க ஒரு தொடர் டயோடு, அதற்கடுத்து லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே சர்ஜ் உறிஞ்சும் டயோடு. இரண்டும் இல்லாத போர்டை வண்டியில் ஏற்றக் கூடாது.

பவர் டிரான்சிஸ்டரில் ஒரு பழைய பிழை திரும்பத் திரும்ப வருகிறது. 2என்3055 எங்கும் கிடைக்கும், மலிவு, எனவே அதைப் போட்டுவிடுகிறார்கள். அது தாங்கும் கலெக்டர் வோல்டேஜ் 60தான். காயிலின் கரண்ட் அறும்போது பிரைமரியில் 300, 400 வோல்ட் எழும். முதல் நாளே போகாவிட்டால் இரண்டாம் நாள் போகும். இக்னிஷனுக்கென்றே செய்யப்பட்ட பியூ941 போன்ற 400 வோல்ட் டார்லிங்டனோ இக்னிஷன் வகை ஐ.ஜி.பி.டி.யோ போடுங்கள்.

சாவியைப் போட்டதுமே காயில் சுடுகிறது, பொறி இல்லை என்றால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது ஹீட் சிங்க்குக்கு நடுவிலுள்ள மைக்கா வாஷர் கிழிந்திருக்கும். டிரான்சிஸ்டரின் உலோக முதுகுதான் கலெக்டர். அது பாடியைத் தொட்டால் காயில் எப்போதும் எர்த் ஆகியே இருக்கும். மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இணைப்புகளைக் கழற்றிவிட்டு, முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பாருங்கள். பீப் ஒலி வரக் கூடாது.

பொறி இருக்கிறது, ஆனால் வேகம் எடுத்தால் மிஸ் அடிக்கிறது என்றால் எர்த் வயர்களின் பாதையைப் பாருங்கள். காயிலின் 4 ஆம்பியர் போகும் அதே எர்த் வயரில், பாயிண்டுக்குப் பதிலாகச் சுற்றை உணரும் பிக்அப் சென்சாரின் எர்த்தும் சேர்ந்திருந்தால், 0.1 ஓம் தடையிலேயே 0.4 வோல்ட் சென்சார் லைனில் கலந்துவிடும். பிக்அப் காயில் மெதுவான சுற்றில் தருவதே ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான். சென்சாருக்கு எர்த் போர்டிலிருந்து தனியாக, பவர் டிரான்சிஸ்டருக்கு எர்த் தனியாக எஞ்சின் பிளாக்குக்கு. சென்சார் வயரைப் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பிளக் வயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் தடையுள்ள வயராக மாற்றுங்கள், மைக்ரோகன்ட்ரோலர் அமைதியாகும்.

கப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலில் பாய்ச்சும் சி.டி.ஐ. வகை கட்டியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அதில் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 400 வோல்ட் வரை ஏறும். சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் நிற்கலாம். 10 கிலோஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். எந்த வகையானாலும் பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்காதீர்கள். பொறி போக இடமில்லாவிட்டால் காயிலின் இன்சுலேஷனையோ டிரான்சிஸ்டரையோ உடைத்துக்கொண்டு போகும். பிளக்கை எஞ்சினில் எர்த் செய்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பொறிச் சோதனையை நிறுத்துங்கள்.

மலை சேர்க்கும் கோளாறுகள்

போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். ஒரே ஏற்றத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே அளந்த பெட்ரோலைத்தான் மேலேயும் கிட்டத்தட்ட விடும். கலவை கெட்டியாகி, பிளக்கில் கரி படிந்து, பொறி கரி வழியே ஒழுகிவிடும். மலைமேல் பூப்பாறைப் பக்கம் போனால் மிஸ் அடிக்கிறது, கீழே வந்தால் சரியாகிவிடுகிறது என்று சொன்னால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்துப் புகைக்கரி பூசியிருந்தால் இது கார்புரேட்டர் வேலை. இக்னிஷனைக் குற்றம் சொல்லிக் காசு வாங்காதீர்கள்.

ஈரம் இன்னொன்று. பகலில் சூடாக ஏறிய வண்டி இரவு முழுக்கப் பனிமூட்டத்தில் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் ஆகாது, பத்து மணி வெயிலில் தானாக ஸ்டார்ட் ஆகும். மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள் இருந்தால் மாற்றியே ஆகவேண்டும், துடைத்துப் பயனில்லை. இரவில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால் பிளக் வயரிலிருந்து நீலப் பொறி கசிவது கண்ணுக்கே தெரியும்.

தோட்டத்து வண்டிகளில் போர்டோ கலவை ஏற்றுவார்கள். ஏலக்காயில் அழுகல் நோய்க்கு அடிக்கும் மருந்து அது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மயில்துத்தக் கரைசல் சிந்திய இடத்தில் இரும்பு போல்ட், எர்த் லக் எல்லாம் சீக்கிரம் அரிக்கும். ஸ்பிரே பேரல் ஏற்றிய வண்டி என்று தெரிந்தால் பின்பக்க எர்த் முனைகளையும் சேஸிஸ் போல்ட்டையும் தவறாமல் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்திய வண்டியில் எலி கடித்த வயர் இருக்கும், டேப்பைப் பிரித்துத் தேட வேண்டிவரும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். லக்கைச் சரியான கருவியால் அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள்.

ஸ்பிரேயர், களை மெஷின் எஞ்சின்களில் பேட்டரியே இல்லை. ஃபிளைவீல் காந்தம் சுற்றும்போது உண்டாகும் மின்சாரத்திலேயே பொறி வரும். அதிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் ஒற்றை வயர் எஞ்சினை நிறுத்துவதற்கானது. எர்த் ஆனால் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். கார் வேலை பழகிய கை அந்த வயருக்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கும், இக்னிஷன் யூனிட் அந்த நொடியே சாகும். பொறி இல்லை என்று வரும் ஸ்பிரேயரில் முதலில் இந்த வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் கோளாறு ஸ்விட்சிலோ உரசிப்போன வயரிலோதான்.

தொழிலாக்கிக் கொள்வது

ஆரம்பத்தில் அதிகம் வேண்டியதில்லை. குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்டேஜைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், லோடு பல்பு, ஃபியூஸ் வைத்த ஜம்பர், பொறி இடைவெளி வைத்த டெஸ்டர், நல்ல கிரிம்பிங் கருவி. கையில் காசு சேர்ந்ததும் சிறிய ஆஸிலோஸ்கோப். உதிரிபாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவரை போகவேண்டியதில்லை, தபாலில் வரவழைக்கலாம். ஆனால் பவர் டிரான்சிஸ்டரில் போலி நிறையப் புழங்குகிறது, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

படிப்பு வேண்டுமா? வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள், எலக்ட்ரீஷியன் இரண்டுமே இரண்டாண்டுப் பிரிவுகள். சான்றிதழோடு 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்குச் சர்க்யூட் தெரியும், வண்டி தெரியாது. பட்டறைப் பையன்களுக்கு வண்டி தெரியும், சர்க்யூட் தெரியாது. இந்த இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தால் இருவருக்குமே ஒரு தொழில் கிடைக்கும். பெரியவர்கள் இதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கூலி விஷயத்தில் தயங்காதீர்கள். பாகம் மாற்றினால்தான் காசு என்ற வழக்கம் நேர்மையான எலக்ட்ரீஷியனைப் பட்டினி போடும். எர்த் பட்டையைத் தேய்த்து வண்டியை ஓடவைத்தவருக்கு இருபது ரூபாயும், தேவையில்லாமல் காயில் மாற்றியவருக்கு ஆயிரமும் போனால் யார் உண்மையாக வேலை செய்வார்? கோளாறு பார்ப்பதற்கு இவ்வளவு, சரிசெய்வதற்கு இவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் வண்டி எண், தேதி, பேட்டரி ஓய்வு வோல்டேஜ், செல்ஃப் வோல்டேஜ், பாசிட்டிவ் இழப்பு, எர்த் இழப்பு, வேலைக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். "அண்ணே, முன்னாடி எர்த்துல 1.1 வோல்ட் போயிட்டிருந்துச்சு, இப்ப 0.2 தான்" என்று எண்ணைக் காட்டிச் சொன்னால் கூலி கேட்பது எளிது. இந்தத் திறமை பழைய வண்டியோடு போய்விடாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டியானாலும் மின்சார வண்டியானாலும் ஸ்கேனர் ஒரு பிழைக் குறியீட்டு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த லைனில் வோல்டேஜ் எங்கே குறைகிறது என்று தேடுவது அப்போதும் மனிதனின் வேலைதான்.

சொந்தமாகக் கட்டிய இக்னிஷனைச் சாக்கெட் வைத்தே பொருத்துங்கள். மலைப்பாதையில் படுத்தால் அந்த இணைப்பைப் பிடுங்கிப் பழைய பாயிண்டுக்கு மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். மாற்று பாயிண்டும் கண்டென்சரும் டாஷ்போர்டில் இருக்கட்டும்.

கடைசியாக, எந்த வேலையை மறுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பெட்ரோல் வண்டிக்குக் கையால் கட்டிய சர்க்யூட் போட்டுக் கொடுக்காதீர்கள், எவ்வளவு கேட்டாலும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இறக்கத்தில் எஞ்சின் அணைந்தால் ஓரிரு மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவி போய், மிதி கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு, டிரைவருக்கு அந்தச் சோதனை வரக் கூடாது. உங்கள் சர்க்யூட்டை உங்கள் சொந்த வண்டியில் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஓட்டிப் பாருங்கள். ஆள் ஏற்றும் வண்டிக்குக் கம்பெனி பாகம் மட்டும் போடுங்கள்.